ஆறு மாத விசாவும் பதினாலு கரண்டியும்

எங்கள் தோட்டத்தில் என்னைப் பற்றி ஒரு கேலி உண்டு. ஆலயத்தில் காணிக்கை போட்ட பிறகும் அந்தத் தட்டு எங்கே போகிறது என்று கடைசி வரிசைவரை திரும்பிப் பார்க்கிற ஆள் நான்தானாம். பொய் என்று சொல்ல மாட்டேன். தேயிலைத் தொழிற்சாலையில் முப்பத்தைந்து வருடமாக மெஷின்களைப் பழுது பார்க்கிற வேலை எனக்கு. இலை உருட்டும் மெஷின் ஒழுங்காக ஓடினால் மற்றவர்கள் நிம்மதியாகத் தேத்தண்ணி குடிக்கப் போவார்கள். நான் பக்கத்தில் போய்க் காதை வைப்பேன். அப்படி வைத்துப் பழகிய காது, மனிதர்கள் பேசும்போதும் அதே வேலையைத்தான் செய்கிறது.

"நல்லது செய்ய வர்றவங்களயும் வாசல்லயே நிக்க வச்சு விசாரிக்கிறீங்க" என்று என் மனைவி திட்டுவாள். அவள் போய் நான்கு வருடமாகிறது. திட்டுவதற்கு ஆளில்லாமல் குணம் இன்னும் முற்றிவிட்டது.

எங்களுக்கு ஒரே மகள். நர்ஸ் படிப்பு முடித்துக் கனடாவுக்குப் போனாள். அங்கேயே வேலை, அங்கேயே நம் ஈப்போ பையன் ஒருவனோடு கல்யாணம். மருமகன் தூரத்து ஊர்களுக்கு லோரி ஓட்டுகிறவர். ஒரு தடவை கிளம்பினால் பத்து நாள் கழித்துத்தான் வீடு. முதல் பிள்ளை ஆறாம் மாதத்தில் கலைந்தபோது அவர் பனியில் எங்கேயோ ஒரு நெடுஞ்சாலையில் மாட்டிக்கொண்டிருந்தார். மகள் ஆஸ்பத்திரியில் தனியாகக் கிடந்தாள். போனில் அவள் அழுததை நான் இங்கே அடுப்படியில் நின்று கேட்டேன். கேட்கத்தான் முடிந்தது.

அடுத்த முறை உண்டானதை ஐந்து மாதம் முடிந்த பிறகுதான் எனக்கே சொன்னாள்.

"அப்பா, நீங்க வாங்கப்பா. பிள்ள பொறக்க ஒரு மாசம் முன்னாடி வந்து ஒரு ஆறு மாசம் இருங்க. போன தடவ மாதிரி என்னால தனியா கெடக்க முடியாது. கையப் பிடிச்சிக்க ஒருத்தர் வேணும்."

"நானா? பிரசவம் பாக்க அப்பன் போன கதைய எங்கயாவது கேட்டிருக்கியா?"

"அம்மா இல்லல்லப்பா," என்றாள். சரி, வருகிறேன் என்றேன்.

விசா விண்ணப்பத்தை மகளே அங்கிருந்து கம்ப்யூட்டரில் நிரப்பினாள். காகிதங்களைப் போட்டோ எடுத்து அனுப்புவது என் பொறுப்பு. அவள் கேள்விகளை ஒவ்வொன்றாகப் படிக்கப் படிக்க எனக்கு மரியாதையே வந்துவிட்டது. எதற்காக வருகிறாய்? எத்தனை நாள்? யார் செலவு? திரும்பிப் போவாய் என்பதற்கு என்ன அத்தாட்சி? வேலை இருக்கிறதா? சொந்த வீடு இருக்கிறதா? இதற்கு முன் எந்த நாடாவது உன்னைத் திருப்பி அனுப்பியதுண்டா? என்னைவிடப் பெரிய சந்தேகப் பிராணி ஒன்று உலகத்தில் இருக்கிறது என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

சொந்த வீடு என்கிற இடத்தில்தான் இடித்தது. நான் பிறந்தது, கல்யாணம் கட்டியது, மனைவியைப் பெட்டியில் தூக்கிப் போனது எல்லாம் தோட்டத்து வரிசை வீடுகளான லயனில் ஒரே வீட்டில். ஆனால் அதற்கு என் பெயரில் ஒரு துண்டுக் காகிதம் கிடையாது. தோட்டத்து வீடு வேலையோடு ஒட்டினது. அதிலும் எங்கள் தோட்டத்தில் ஒரு சட்டம்: இரண்டு மாதத்துக்கு மேல் ஆளில்லாமல் பூட்டிக் கிடந்தால் ஆபீஸ் அந்த வீட்டை வேறு குடும்பத்துக்குக் கொடுத்துவிடலாம். நான் திரும்பி வருவேன் என்பதற்கு அத்தாட்சியாக அந்த வீட்டைக் காட்ட வேண்டும். அங்கே ஆறு மாதம் இருந்தாலோ அந்த வீடே இருக்காது. மகளிடம் இதைச் சொல்லவில்லை. சொன்னால் வரவேண்டாம் என்பாளோ என்று பயம்.

வேலைக்கான கடிதம் எழுதித் தருவது ஆபீஸ் எழுத்தரான கிராணி. வெள்ளைக்காரன் காலத்துப் பட்டம் அது. இப்போது அந்த நாற்காலியில் இருப்பது என் மகளோடு தோட்டத்துப் பள்ளியில் ஒரே பெஞ்சில் படித்த பெண். கெட்டிக்காரி. எல்லாரிடமும் சிரித்துப் பேசுவாள். சிரித்துப் பேசுகிறவர்களிடம் நான் இரண்டு மடங்கு கவனமாக இருப்பேன். இவள் விஷயத்தில் காரணமும் இருந்தது. அவளுடைய அண்ணன் பக்கத்து ஊர் திரிங்காப்பில் காய்கறி லோரி ஓட்டுகிறவன். அண்ணி எங்கள் தொழிற்சாலையில்தான் தூள் பிரிக்கிற வேலை. மூன்று பிள்ளைகளோடு லெம்பா பெர்த்தாம் பள்ளத்தில் ஆற்றோரம் ஓர் அறையில் வாடகைக்கு இருந்தார்கள். அணை திறக்கிற சங்கு ஊதினால் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு மேட்டுக்கு ஓட வேண்டும். தோட்டத்தில் வீடு கேட்டு இரண்டு வருடமாகக் காத்திருந்தார்கள். என் வீடோ லயனில் கடைசி வீடு. பின்னால் நாலு பாத்தி போட இடம், தனிக் குழாய், பக்கவாட்டில் மோட்டார் சைக்கிள் நிறுத்தக் கூரை. யாருக்குத்தான் ஆசை வராது?

ஆகவே முடிவு பண்ணிக்கொண்டுதான் ஆபீஸ் படி ஏறினேன்.

"எத்தன மாசம் மாமா?" என்று கேட்டாள்.

"ஒரு மாசம்."

"ஒரு மாசந்தானா? பிரசவத்துக்குப் போறீங்கன்னாங்க. பத்தியம் முடியவே ஒரு மாசம் ஆயிடும்லா."

யார் சொன்னது? நான் யாரிடமும் வாயைத் திறக்கவில்லை. சரிதான், முன்பே விசாரித்து வைத்திருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

"ஆம்பள நான் அங்க போயி என்ன கிழிக்கப் போறேன்? ஒரு மாசம்னே போடும்மா."

என்னை ஒரு தடவை பார்த்தாள். பிறகு அடித்தாள். ஒரு மாத விடுப்பு, அதன்பின் வேலைக்குத் திரும்புவார், தோட்டக் குடியிருப்பில் வசிக்கிறார், அவ்வளவுதான். துரை கையெழுத்துப் போட்டார். துரை என்றால் டீஷர்ட் போட்ட முப்பத்தைந்து வயது மேனேஜர், பட்டம் மட்டும் பழசு.

என் திட்டம் இதுதான். அங்கே போன பிறகு இடுப்பு வலி, காய்ச்சல் என்று மாதம் மாதமாக நீட்டிக்கொள்வது. அதுவரை வீட்டில் ஆள் இருப்பதுபோல் காட்டுவது. முன்னறை விளக்குக்கு ஒரு டைமர் பொருத்தினேன், மாலை ஏழுக்கு எரிந்து பத்துக்கு அணைகிற மாதிரி. பின்பக்கக் கொடியில் இரண்டு சட்டையும் ஒரு சாரோங்கும் போட்டு, காற்றில் பறக்காமல் மெல்லிய கம்பியால் கட்டி, ஒரு வாரம் சோதனை பார்த்தேன். எங்கள் மலையில் சேர்ந்தாற்போல் மூன்று நாள் வெயில் அடித்தால் அது செய்தி. ஒரே வாரத்தில் சட்டையெல்லாம் பூஞ்சணம் பூத்து, ஆள் இருக்கிற வீடாகத் தெரியாமல் ஆள் செத்துக் கிடக்கிற வீடாகத் தெரிந்தது. அந்த யோசனையை மட்டும் கைவிட்டேன்.

விண்ணப்பத்தில் ஆறு மாதம், கடிதத்தில் ஒரு மாதம் என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. மகள் பத்து மணி நேரம் ஆஸ்பத்திரியில் நின்றுவிட்டு வந்து, நான் அனுப்பிய போட்டோவைத் திறந்துகூடப் படிக்காமல் அப்படியே ஏற்றினாள். எந்த அதிகாரி இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கப்போகிறான் என்று நான் இருந்துவிட்டேன். ஊரில் ஒருத்தரை விடாமல் சந்தேகப்பட்டவன், சந்தேகப்படுவதற்கே சம்பளம் வாங்குகிற ஆளை மட்டும் நம்பிவிட்டேன்.

கைரேகை கொடுக்கக் கோலாலம்பூர் வரச் சொன்னார்கள். விடியற்காலையில் பஸ் ஏறிப் போனேன். கண்ணாடித் தட்டில் விரலை வைத்தால் மெஷின் ஏற்க மாட்டேன் என்றது. எண்ணெயும் உப்புத்தாளும் பட்டுப் பட்டு என் விரலில் ரேகை தேய்ந்திருக்கிறது. அந்தப் பெண் ஈரத் துணியால் துடைக்கச் சொன்னாள், அழுத்தச் சொன்னாள், மெதுவாக வைக்கச் சொன்னாள். ஐந்தாவது தடவை எடுத்தது. எனக்கென்னவோ அந்த மெஷின் என்னைப் பார்த்ததுமே கண்டுபிடித்துவிட்டது என்று தோன்றியது. மடியில் கனமிருந்தால் வழியில் பயம் என்பார்கள். திரும்பி வரும்போது மலைப்பாதை வளைவு முழுக்க அதே நினைப்புதான்.

மூன்று வாரம் கழித்து, ஒரு காலையில் வேலைக்குக் கிளம்பும் நேரத்தில் மகள் கூப்பிட்டாள். குரல் சரியில்லை.

"அப்பா, விசா ஆபீஸ்லருந்து மெயில் வந்திருக்கு. நாம ஆறு மாசம் கேட்டிருக்கோம், தோட்டத்து லெட்டர்ல ஒரு மாசம்னு இருக்காம். எது உண்மன்னு வெளக்கம் கேக்கறாங்க. ஏன்ப்பா ஒரு மாசம்னு இருக்கு?"

உண்மையைச் சொல்ல ஒரு நிமிடம் போதும். வீட்டுக்குப் பயந்து நான்தான் சொன்னேன் என்று சொல்லியிருக்கலாம். வாய் அதற்குள் வேறு வேலை செய்துவிட்டது.

"அந்தக் கிராணி தப்பா அடிச்சிட்டா போல."

"நீங்க படிச்சுப் பாக்கலையா?"

"கண்ணாடி எடுத்துட்டுப் போகலம்மா."

அந்தப் பக்கம் மூச்சு விடுகிற சத்தம் மட்டும் கேட்டது. "நாள் ஓடுதுப்பா," என்றாள். "சீக்கிரம் மாத்தி வாங்குங்க."

அன்றைக்கே ஆபீசுக்குப் போனேன். ஆறு மாதம் என்று புதுக் கடிதம் வேண்டும் என்றேன். கிராணி ஆச்சரியப்படவில்லை. சம்பளமில்லாத விடுப்பாகத்தான் தருவார்கள், துரையிடம் பேசுகிறேன் என்றாள். பிறகு கதவைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"வீடு பூட்டிக் கெடந்தா சட்டப்படி எடுத்துருவாங்க மாமா. ஆள் இருந்தா காலி வீடுன்னு கணக்கில்ல. எங்க அண்ணன் குடும்பத்த வேணா அதுவரைக்கும் இருக்கச் சொல்றேன். நீங்க வந்ததும் காலி பண்ணிருவாங்கன்னு துரகிட்ட எழுதி வாங்கிடலாம். அத லெட்டர்லயே போட்டுட்டா விசாவுக்கும் நல்லது."

ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதை எனக்குத் தெரியாதா? நான் எதற்குப் பயந்து பொய் சொன்னேனோ, அதையே தட்டில் வைத்து நீட்டுகிறாள். வந்த கோபத்துக்கு எழுந்து போயிருப்பேன். மகளுடைய மூச்சுச் சத்தம் காதிலேயே இருந்தது. சரி என்று தலையாட்டினேன்.

"முதல் லெட்டர்ல ஒரு மாசம்னு இருந்ததுக்கு ஒரு காரணம் எழுதணுமே மாமா?" என்றாள்.

நான் சுவரில் இருந்த தீயணைப்பு அட்டவணையைப் படித்துக்கொண்டிருந்தேன். "ஆபீஸ்ல தப்பா அடிச்சிட்டாங்கன்னு போடேன்," என்றேன்.

அவள் விரல்கள் கொஞ்ச நேரம் விசைப்பலகை மேல் சும்மா இருந்தன. பிறகு அப்படியே அடித்தாள். தாளை எடுத்துக்கொண்டு துரையின் அறைக்குள் போனாள். கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்தேன். துரை தாளைத் தட்டித் தட்டி, கையை ஆட்டி நெடுநேரம் பேசினார். அவள் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தாள். என் வீட்டை எப்படி வளைப்பது என்று இரண்டு பேரும் திட்டம் போடுகிறார்கள் என்றுதான் நான் நினைத்தேன். வெளியே வந்தபோது அவள் முகம் சிவந்திருந்தது. கையெழுத்துப் போட்ட கடிதத்தைக் கொடுத்து, "பத்திரம் மாமா," என்றாள்.

நானும் சும்மா விடவில்லை. வீட்டில் இருந்த ஒவ்வொரு சாமானையும் போட்டோ எடுத்தேன். ஒரு பட்டியல் எழுதினேன். கட்டில் இரண்டு, காஸ் அடுப்பு ஒன்று, மண்வெட்டி ஒன்று, எவர்சில்வர் கரண்டி பதினாலு. கரண்டியெல்லாம் மனைவி சேர்த்தவை. அந்தப் பட்டியலை ஆபீசுக்கே கொண்டுபோய்க் கிராணியிடம் கையெழுத்து கேட்டேன். பக்கத்து மேசைக்காரர் சிரித்துவிட்டார். அவள் சிரிக்கவில்லை. ஒவ்வொரு வரியாகப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டு, ஒரு நகல் எடுத்துத் தன் மேசையில் வைத்துக்கொண்டாள்.

புதுக் கடிதம் போய்ச் சேர்ந்து, அவர்கள் மறுபடி முதலிலிருந்து பார்த்து, சம்மதம் என்று தகவல் வர இன்னொரு மாதம் ஆனது. பாஸ்போர்ட்டைக் கோலாலம்பூருக்கு அனுப்பினேன், விசா ஒட்டித் திரும்ப வர வேண்டும். தினமும் வேலை முடிந்து தானா ராத்தா தபால் ஆபீசுக்குப் போய் வந்ததா என்று கேட்டேன். எவனோ பிடித்து வைத்திருக்கிறான் என்று அங்கேயும் ஒருவரிடம் சண்டை போட்டேன்.

பாஸ்போர்ட் இன்னும் வந்து சேராத ஒரு மத்தியானம் போன் அடித்தது.

"பொம்பளப் பிள்ளப்பா," என்றாள் மகள். குரல் எங்கேயோ கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. "நல்லாருக்கு. நானும் நல்லாருக்கேன். பயப்படாதீங்க."

"மாப்பிள்ள பக்கத்துல இருக்காரா?"

"வந்துட்டிருக்காரு. நாளைக்கு வந்துருவாரு."

"அப்ப யாரும்மா கூட இருந்தா?"

"நர்சு இருந்தாங்கப்பா."

போனைக் கீழே வைத்தபோதுதான் பார்த்தேன், போன தடவை நின்ற அதே அடுப்படியில்தான் நின்றுகொண்டிருந்தேன். பிள்ளை பிழைத்ததற்கு ஆண்டவருக்கு நன்றி சொன்னேன். அழுதேன். அழுகை நிற்பதற்குள் யார் மேல் பழி போடலாம் என்று மனசு தேட ஆரம்பித்துவிட்டது.

குழந்தைக்கு ஒன்பது நாள் ஆனபோது போய் இறங்கினேன். உள்ளே விடுகிற இடத்தில் ஓர் அதிகாரி, என் வயசுதான் இருக்கும், கடிதத்தையும் என்னையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். பிரசவத்துக்கு நீங்களா என்று கேட்டார். மனைவி இல்லை என்றேன். ஆறு மாதம் கழித்து எங்கே போவீர்கள் என்றார். என் வீட்டுக்கு என்றேன். இப்போது அங்கே யார் இருக்கிறார்கள் என்று கேட்டார். ஒரு குடும்பம் எனக்காகப் பார்த்துக்கொள்கிறது என்று தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன். நம்பிக்கையானவர்களா என்றார். ஆமாம் என்றேன், அது பொய்தான். அவர் முத்திரை குத்தினார். அடுத்த மேசையில் என் பெட்டியைத் திறந்து, சுக்குப் பொடியையும் பத்தியப் பொடியையும் மோந்து பார்த்துவிட்டு விட்டார்கள்.

மருமகன் வந்து அழைத்துப் போனார். இரண்டு நாளில் அவருக்கு மறுபடி லோரி. நான் சமையலறையைப் பிடித்துக்கொண்டேன். பூண்டு உரித்துக் குழம்பு வைத்தேன், குழந்தைக்கு வெந்நீர் காய்ச்சினேன், துணி அலசினேன். லயனில் பக்கத்து வீட்டு அக்காவிடம் எழுதி வாங்கி வந்த பத்தியக் குறிப்பை அலமாரியில் ஒட்டினேன். மகள் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டே நிற்பேன்.

நான் போய் ஒரு வாரம் இருக்கும். சாயங்காலச் சாப்பாடு முடிந்து குழந்தையை மடியில் வைத்திருந்தேன். ஜன்னலுக்கு வெளியே பனி. மகள் தலை துவட்டிக்கொண்டே வந்து எதிரே உட்கார்ந்தாள்.

"அவ மட்டும் லெட்டர ஒழுங்கா அடிச்சிருந்தா நீங்க அன்னிக்கு இருந்திருப்பீங்கப்பா," என்றாள்.

நான் குழந்தையின் விரலைப் பார்த்தேன்.

"ரொம்ப பயந்துட்டேன்ப்பா. கத்தினேன். பக்கத்துல யாரோட கைன்னே தெரியாம பிடிச்சிட்டிருந்தேன். ரெண்டு நாள் கழிச்சு அவளுக்கு போன் போட்டு வாய்க்கு வந்தபடி திட்டிட்டேன். ஒரே பெஞ்சுல படிச்சவ, எம் பிள்ள விஷயத்துல இப்படிப் பண்ணிட்டியேன்னு கேட்டேன். மாசமா இருக்கேன்னு முதல்ல அவகிட்டதான் சொன்னேன், தெரியுமா?"

"அவ என்ன சொன்னா?"

"ஒண்ணும் சொல்லல. 'தப்பு நடந்திருச்சு, மன்னிச்சிக்க'ன்னு மட்டும் சொன்னா. அதுக்காக தொர கூட சத்தம் போட்டு அவளுக்கு எச்சரிக்க லெட்டர் குடுத்துட்டாராம். அதையும் வேற யாரோ சொல்லித்தான் கேள்விப்பட்டேன்."

கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் துரை கையை ஆட்டியது இப்போதுதான் எனக்கு விளங்கியது. எனக்குக் கூச்சமாக இருந்தது. கூச்சம் என்பதும் சின்ன வார்த்தை. அந்தப் பெண்ணைப் பற்றி நான் நினைத்த ஒவ்வொன்றும் வரிசையாக வந்து எதிரே நின்றது.

"அவ தப்பா அடிக்கலம்மா," என்றேன். "நான் சொன்னதத்தான் அடிச்சா. வீடு போயிடுமோன்னு நான்தான் ஒரு மாசம்னு சொன்னேன். உன்கிட்டயும் பொய் சொன்னேன்."

மகள் துவட்டுவதை நிறுத்தினாள். அவள் அம்மாவாக இருந்தால் கத்தித் தீர்த்திருப்பாள். இவள் கத்தவில்லை. எழுந்து வந்து இரண்டு கையையும் நீட்டினாள்.

"பிள்ளயக் குடுங்க."

கொடுத்தேன். மடியில் சூடு மட்டும் கொஞ்ச நேரம் இருந்தது. அவள் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு, மறு கையால் போனை எடுத்து எண்ணைத் தட்டி என் முன்னால் மேசையில் வைத்தாள்.

"அங்க இப்ப காலையில ஒம்போது மணி. ஆபீஸ்லதான் இருப்பா. நீங்களே சொல்லுங்க."

மணி அடித்தது. நாலாவது மணியில் எடுத்தாள். பின்னால் பிரிண்டர் ஓடுகிற சத்தமும் யாரோ மலாய்க்காரர் பேசுகிற சத்தமும் கேட்டது. நான்தான் பேசுகிறேன் என்று சொன்னேன். தொண்டையைக் கனைத்தேன். நான் எதற்குக் கூப்பிட்டிருப்பேன் என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை.

"வீட்டுக்கு ஒண்ணும் ஆகல மாமா, கவலப்படாதீங்க," என்றாள். "கரண்டி பதினாலும் இருக்கு. நேத்துதான் அண்ணிய எண்ணிப் பாக்கச் சொன்னேன்."